உடைமையும் உறவும்: அன்ட்ரூ ஜக்சனின் மரணசாசனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மரணசாசனம் என்பது பொதுவாகச் சட்ட அறிஞரின் கவனத்துக்குரிய ஆவணமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அதனைத் தமது நூலின் கடைசி அத்தியாயத்தில் ஓரிரு வரிகளிற் குறிப்பிட்டு அமைவர். ஆயினும், ஒரு சமூகத்தில் உடைமை எவ்வாறு திரட்டப்பட்டது, அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது, எவர் உறவினராகக் கொள்ளப்பட்டனர், எவர் பொருளாகக் கணிக்கப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு மரணசாசனத்தைப் போன்று வெளிப்படையாக விடையளிக்கும் ஆவணங்கள் சிலவே. மேடைப் பேச்சிலும் கவிதையிலும் ஒரு வர்க்கம் தான் எவ்வாறு காணப்பட வேண்டுமென விரும்புகின்றதோ அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்ளலாம். மரணசாசனத்திலோ அது தன் உடைமையைக் காக்கும் பொருட்டு எழுதுகின்றது. ஆதலின் துல்லியமாக எழுதவேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, ஐக்கிய அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதியாக 1829 முதல் 1837 வரை பதவி வகித்த அன்ட்ரூ ஜக்சன், 1843ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி எழுதிய மரணசாசனமாகும். அமெரிக்க வரலாற்றிலே சாதாரண மனிதனின் காலம் என்று போற்றப்படுவது ஜக்சனின் காலமே. எல்லைப்புறமே அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது என்று 1893இல் வாதிட்ட பிரெடரிக் ஜக்சன் ரேணருக்கு அவர் எல்லைப்புற மனிதனின் உருவகமாக விளங்கினார். 1945இல் வெளிவந்த தமது நூலில் ஆர்தர் ஷ்லெசிங்கர், செல்வர்களின் ஆதிக்கத்துக்கெதிராக உழைப்போரின் நலன் பேணிய இயக்கமாக ஜக்சனின் அரசியலை விளக்கினார். இவ்விளக்கங்களில் உண்மை அறவே இல்லை என்பது எமது வாதமன்று. அந்த ஜனநாயகத்தின் பொருளியல் அடித்தளம் யாது, அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என்பவற்றை அம்மனிதரின் இறுதி ஆவணமே கூறுகின்றது என்பதைச் சுட்டுவதே எமது நோக்கமாகும்.

2

ஜக்சனின் பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்ரரிலிருந்து 1765இல் இரு குழந்தைகளுடன் புலம்பெயர்ந்து, வட கரொலைனாவும் தென் கரொலைனாவும் சந்திக்கும் வக்ஸோஸ் என்னும் குடியேற்றப் பகுதியை அடைந்தவர்கள். 1767இன் தொடக்கத்தில் தந்தை இறந்தார். அதற்குச் சில வாரங்களின் பின், மார்ச் 15ஆம் திகதி, மூன்றாவது மகனாக அன்ட்ரூ பிறந்தார். பிரித்தானியருக்கெதிரான விடுதலைப் போர் அக்குடும்பத்தை முற்றாக அழித்தது. மூத்த சகோதரர் 1779இல் மாண்டார். மற்றைய சகோதரரும் அன்ட்ரூவும் 1781இல் சிறைப்பட்டனர். அங்கு தொற்றிய பெரியம்மை அச்சகோதரரின் உயிரைக் கவர்ந்தது. சார்ள்ஸ்ரனில் சிறைக்கைதிகளைப் பராமரிக்கச் சென்ற தாயும் அவ்வாண்டிலேயே நோயுற்று இறந்தார். பதினான்கு வயதில் உடன்பிறப்போ பெற்றோரோ இல்லாத அநாதையாக அன்ட்ரூ எஞ்சினார்.

முதுசொம் என்று சொல்லத்தக்க பெருஞ்செல்வம் எதுவுமின்றித் தொடங்கிய இவ்வாழ்க்கையைப் பலர் தன்முயற்சியின் வெற்றிக் கதையாக எழுதியுள்ளனர். ஆனால் அம்முயற்சி எந்த வழியால் மேலேறியது என்பது கவனித்தற்குரியது. ஜக்சன் சட்டம் பயின்று 1787இல் சட்டத்தரணியானார். அடுத்த ஆண்டில் அரச வழக்குத் தொடுநராக மேற்கே, பின்னர் டெனசி மாநிலமாக அமைந்த பிரதேசத்துக்குச் சென்றார். அதே 1788ஆம் ஆண்டில், பதினெட்டு அல்லது இருபது வயதினரான நான்சி என்னும் கறுப்பினப் பெண்ணை அவர் விலைக்கு வாங்கியமைக்கான உறுதி பதிவாகியுள்ளது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. எல்லைப்புறத்தில் ஒருவன் கனவானாக உயர்வதற்கு நிலமும் அடிமையுமே ஏணியின் முதற்படிகள் என்பதை இவ்வுறுதி காட்டுகின்றது.

இரண்டாவது படி திருமணம். ஜக்சன் மணந்த ரேச்சல், ஜோன் டொனெல்சனின் மகள். வேர்ஜினியாவில் நில அளவையாளராயிருந்த டொனெல்சன், ஆற்று வழியாகப் படகுக் கூட்டமொன்றை நடத்திவந்து 1780 ஏப்ரிலில் கம்பர்லண்ட் ஆற்றங்கரையை அடைந்தவர். பின்னர் நாஷ்வில் நகராக வளர்ந்த குடியேற்றத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். அநாதையான சட்டத்தரணி, இத்திருமணத்தின் மூலம் அப்பிரதேசத்தின் செல்வாக்கு மிக்க நிலவுடைமைக் குடும்பமொன்றின் அங்கத்தவரானார். பணப் புழக்கம் குறைந்திருந்த அக்காலத்தில் வழக்குக் கூலியாகவும் நிலமே பெறப்பட்டது. நிலத்தை வாங்குவதும் விற்பதும் அவரது முக்கிய முயற்சியாயிற்று. அதன் ஆபத்தையும் அவர் அனுபவித்தார். பிலடெல்பியா வணிகரான டேவிட் அலிசனின் கடன்பத்திரங்களுக்கு உத்தரவாதக் கையொப்பமிட்டிருந்தமையால், அவர் முறிந்தபோது ஜக்சனும் பெருங்கடனாளியானார். 1804இல் தமது முந்திய இருப்பிடத்தை விற்று, ஹேர்மிற்றேஜ் என்னும் 425 ஏக்கர் நிலத்துக்கு அவர் குடிபெயர்ந்தமை இந்நெருக்கடியின் விளைவே.

3

ஹேர்மிற்றேஜுக்கு வந்தபோது ஜக்சனிடம் ஒன்பது அடிமைகள் இருந்தனர். அவர் இறந்தபோது அங்கு நிலம் ஏறத்தாழ 1,000 ஏக்கராகவும், அடிமைகள் ஏறத்தாழ 150 பேராகவும் பெருகியிருந்தனர். பருத்தியே அப்பெருந்தோட்டத்தின் விற்பனைப் பயிர். 1793இல் எலி விட்னி உருவாக்கிய பருத்தி கடையும் பொறியும், பிரித்தானிய ஆலைகளின் தீராத தேவையும் சேர்ந்து, தளர்ந்துபோகும் என்று பலர் எதிர்பார்த்த அடிமை முறைக்குப் புத்துயிர் அளித்தன. அடிமை வணிகத்திலும் ஜக்சன் ஈடுபட்டிருந்தார். 1811–1812 ஆண்டுகளில் மிசிசிப்பிப் பகுதிக்கு அடிமைகளைக் கொண்டுசென்ற கொடுக்கல் வாங்கலில் அவர் பங்குகொண்டமை அவர் காலத்திலேயே அரசியற் சர்ச்சைக்குள்ளானது.

இவ்வுடைமை எவ்வாறு பேணப்பட்டது என்பதற்கு 1804ஆம் ஆண்டிலே டெனசிப் பத்திரிகையொன்றில் அவர் வெளியிட்ட விளம்பரம் சான்றாகும். தப்பியோடிய அடிமையொருவரைப் பிடித்துத் தருவோருக்கு 50 டொலர் பரிசு என்று கூறும் அவ்விளம்பரம், அவ்வடிமைக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு நூறு கசையடிக்கும் மேலதிகமாகப் பத்து டொலர் வீதம், முந்நூறு அடிகள் வரை, வழங்கப்படும் எனவும் உறுதியளிக்கின்றது. இதனை ஒரு தனிமனிதரின் கொடூரமாக மட்டும் விளக்குதல் போதாது. கூலியால் உழைப்பைப் பெறாத உற்பத்தி முறையில், உழைப்பாளியை நிலத்தோடு பிணைத்து வைக்கும் வழி வன்முறை ஒன்றே. அதற்கும் அங்கு விலைப்பட்டியல் இருந்தது.

பருத்தி நிலம் வெறுமையாகக் கிடந்த நிலமன்று. 1814 மார்ச் 27ஆம் திகதி ஹோர்ஸ்ஷூ பெண்ட் என்னுமிடத்தில் ஜக்சனின் படை கிறீக் மக்களின் ஒரு பிரிவினருள் எண்ணூறு பேர்வரை கொன்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் அவர் விதித்த ஒப்பந்தத்தின்படி கிறீக் மக்கள் ஏறத்தாழ 230 இலட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தனர். அவருடன் இணைந்து போரிட்ட கிறீக் மக்களும் இவ்விழப்புக்குத் தப்பவில்லை. 1830 மே 28ஆம் திகதி ஜனாதிபதியாக அவர் கையொப்பமிட்ட சட்டம், ஆதிக்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்ற வழிவகுத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் சொக்ரோ மக்கள் மிசிசிப்பியில் தமக்கு எஞ்சியிருந்த நிலத்தைக் கையளித்தனர். 1838இல் ஜக்சன் குடும்பம் வாங்கிய இரண்டாவது பருத்திப் பெருந்தோட்டம் மிசிசிப்பியின் கொஹோமா என்னும் மாவட்டத்தில் இருந்தது. சொக்ரோ மக்கள் 1830இல் இழந்த நிலத்திலேயே அம்மாவட்டம் உருவாக்கப்பட்டது. அடிமை முறையின் பொருளாதாரம் இடையறாது புதிய நிலத்தை வேண்டி நிற்கின்றது என்று 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் கார்ல் மார்க்ஸ் விளக்கினார். ஒரே குடும்பத்தின் ஆவணங்களில் அவ்விதி தொழிற்படுவதை நாம் இங்கு காண்கின்றோம்.

4

ஜக்சனுக்கும் ரேச்சலுக்கும் பிள்ளைகள் பிறக்கவில்லை. ஆயினும் அவர்களது வீடு பிள்ளைகள் நிறைந்த வீடாகவே இருந்தது. ரேச்சலின் சகோதரர் ஒருவருக்கு 1808இல் பிறந்த இரட்டையருள் ஒருவரை அவர்கள் மகனாக ஏற்று அன்ட்ரூ ஜக்சன் என்றே பெயரிட்டனர். இவரை இங்கு இளைய ஜக்சன் என்போம். தந்தையை இழந்த மருமக்களான டொனெல்சன் சிறுவர்கள் ஜக்சனின் பராமரிப்பில் வளர்ந்தனர். 1831இல் இளைய ஜக்சன் பிலடெல்பியாவைச் சேர்ந்த சேரா யோர்க்கை மணந்தார். அவர்களின் பிள்ளைகளை ஜக்சன் தம் பேரப்பிள்ளைகளாகவே கொண்டார்.

அவ்வீட்டில் வளர்ந்த இன்னொரு பிள்ளை லின்கோயா. 1813 நவம்பரில் கிறீக் கிராமமொன்றை ஜக்சனின் படைப்பிரிவு அழித்தபோது, இறந்து கிடந்த தாயின் அருகே கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை அவர். கிறீக் மக்களிடையே குலம் தாய்வழியாகவே வரும். எனவே தாயை இழந்த அக்குழந்தை தன் குலத்திலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டது. பின்னர் சேணத் தொழில் பயில அனுப்பப்பட்ட லின்கோயா, 1828இல் பதினாறு வயதளவில் காசநோயால் இறந்தார். மருமகன் அன்ட்ரூ டொனெல்சனை இராணுவக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டில் லின்கோயாவுக்குக் கிடைத்தது கைத்தொழிலே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஜக்சனின் குடும்ப வாழ்வையும் ஆதிக்குடிகளை அடக்கிய அவரது அரசியலையும் இணைத்து நோக்கிய மைக்கேல் ரோகினின் 1975ஆம் ஆண்டு ஆய்வு உளவியலுக்கு முதன்மை கொடுத்தது. நாம் இங்கு உடைமை உறவுகளுக்கே முதன்மை கொடுக்கின்றோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஜக்சனின் குடும்பம் அவரது குருதியால் அமைந்ததன்று. சட்டத்தாலும் பெயராலும் விருப்பத்தாலும் ஆக்கப்பட்டது. அதனை ஒரு குடும்பமாக நிலைநிறுத்தியது, இனி வரும் உடைமைக்கு உரியவர் யார் என்னும் தீர்மானமே.

5

இனி மரணசாசனத்தை நோக்குவோம். 1833இல் எழுதிய சாசனத்தை விலக்கி, 1843இல் ஜக்சன் புதிதாக எழுதியமைக்குக் காரணம் இடையில் ஏற்பட்ட கடனாகும். உடலை ஹேர்மிற்றேஜ் தோட்டத்தில் மனைவியின் அருகே அடக்கம் செய்யவேண்டும் என்று கூறியதும், சாசனம் நேரே கடன்களுக்குச் செல்கின்றது. நியூ ஓர்லியன்ஸ் போரில் அவருடன் நின்ற தளபதி பிளௌஷேக்கு 6,000 டொலரும் வட்டியும், வாஷிங்டனில் பத்திரிகை நடத்திய பிளேயர், றைவ்ஸ் ஆகியோருக்கு 10,000 டொலரும் வட்டியும் முதலிற் செலுத்தப்பட வேண்டும். மிசிசிப்பித் தோட்டத்தை வாங்கியதனால் இளைய ஜக்சன் பட்ட கடனைத் தீர்க்கவே இப்பணம் பெறப்பட்டது. கடன்பத்திரப் பொருளாதாரத்தை வெறுத்து, 1832இல் ஐக்கிய அமெரிக்க வங்கியின் புதுப்பித்தலைத் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்த மனிதரின் இறுதிச் சாசனம் கடன்காரரின் பெயர்களோடு தொடங்குகின்றது.

அடுத்து, ஹேர்மிற்றேஜ் நிலமும் ஏனைய ஆதனங்களும் அடிமைகளும் சுவீகார புத்திரரான இளைய ஜக்சனுக்குச் சேர்கின்றன. அதற்குச் சில விலக்குகள் உண்டு. பேரப்பிள்ளை அன்ட்ரூவுக்கு, கொல்லர் ஆரனுக்கும் அவர் மனைவி ஹன்னாவுக்கும் பிறந்த நெட் என்னும் பையன். பேரப்பிள்ளை சாமுவேலுக்கு, ஸ்குவயருக்கும் அவர் மனைவி ஜீனிக்கும் பிறந்த டேவி அல்லது ஜோர்ஜ் என்னும் பையன். மருமகள் சேராவுக்கு, அவருக்குப் பணிப்பெண்ணாக வாங்கிக் கொடுத்த கிரேசியும் அவர் வழிவரும் பெருக்கமும், வீட்டுப் பணியாளரான ஹன்னாவும், ஹன்னாவின் புதல்வியர் சார்லட், மேரி ஆகியோரும். இவை யாவும் பெறுவோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் என்றென்றைக்கும் உரியன. சேரா தம் நோய்க்காலத்தில் காட்டிய பரிவுக்கு நன்றியாகவே அவருக்கான கொடை அமைவதாக ஜக்சன் எழுதுகின்றார். அவ்வரிகளிற் புலப்படும் அன்பு போலியன்று. அந்த அன்பு தன்னை வெளிப்படுத்தத் தேர்ந்த பொருள் ஒரு தாயும் அவர் மக்களும் என்பதே இங்கு சிந்தித்தற்குரியது.

ஹேர்மிற்றேஜில் வீட்டுப் பணிகளுக்குத் தலைமை வகித்த ஹன்னா, கொல்லர் ஆரனின் மனைவி. எனவே மேற்கூறிய வாசகங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒரே குடும்பம் மூன்று உடைமையாளருக்குப் பங்கிடப்படுகின்றது. தந்தை ஆரன் எஞ்சிய ஆதனத்தோடு இளைய ஜக்சனுக்கு. தாயும் இரு பெண்மக்களும் சேராவுக்கு. மகன் நெட் சிறுவன் அன்ட்ரூவுக்கு. பெறுவோர் யாவரும் ஒரே வீட்டினராதலின் இப்பிரிவு உடனடியாகப் புலப்படாதிருந்திருக்கலாம். ஆனால் இவர்களுள் எவரேனும் கடன்பட்டாலோ, பிறவூர் சென்றாலோ, அக்குடும்பம் சிதறுவதற்கான கோடுகள் காகிதத்தில் முன்னதாகவே வரையப்பட்டுவிட்டன.

அடிமைகளின் திருமணத்தை டெனசியின் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. அவ்வாறாயின் சாசனம் ஹன்னாவை ஆரனின் மனைவி என்று ஏன் குறிப்பிடுகின்றது? காணி உறுதியிலே நிலத்தின் நான்கு எல்லைகளையும் எழுதுவது அந்நிலத்தை ஐயமின்றி இனங்காண்பதற்காகும். நெட்டின் தாய் தந்தையர் பெயர்களும் அத்தகைய எல்லைக் குறிகளே. இரண்டாவது பையனின் பெயர் டேவியா, ஜோர்ஜா என்பதையேனும் சாசனம் முடிவு செய்யவில்லை. பெற்றோரின் பெயர்கள் எழுதப்பட்டபின் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அடிமைகளுக்கிடையே உறவு உண்டென்பது உடைமையாளருக்கு நன்கு தெரியும். அவர் அதனை அறிந்தே எழுதினார். உரிமைக்கு ஆதாரமாக ஏற்காமல் அடையாளமாக மட்டும் பயன்படுத்தினார்.

கிரேசி பற்றிய வாசகம் இதனினும் கூர்மையானது. பெருக்கம் என்னும் சொல் கால்நடைக்கும் பயன்படும் சொல். 1662இல் வேர்ஜினியா இயற்றிய சட்டம், பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும் என விதித்தது. தெற்கு முழுவதும் அவ்விதியே நிலைபெற்றது. உடைமையாளரின் குடும்பத்தில் பெயரும் நிலமும் தந்தைவழி செல்ல, அடிமையின் குடும்பத்தில் அடிமைத்தனம் தாய்வழி சென்றது. ஒருதார மணக் குடும்பத்தின் தோற்றத்தைத் தனியுடைமை தந்தைவழி செல்லவேண்டிய தேவையோடு இணைத்து 1884இல் ஏங்கெல்ஸ் ஆராய்ந்தார். ஹேர்மிற்றேஜில் அவ்வுண்மையின் மறுபக்கத்தையும் காண்கின்றோம். தந்தைவழிக் குடும்பம் தன் உடைமையைப் பெருக்குவதற்கு, வேறொரு குடும்பத்தில் தந்தை என்பவரே சட்டத்தின் முன் இல்லாதவராக்கப்பட வேண்டியிருந்தது. கிரேசியின் கணவர் அல்பிரட், ஹேர்மிற்றேஜின் சமையற்காரரான பெற்றியின் மகன். சாசனத்தில் அவர் பெயர் இல்லை. அவருடைய பிள்ளைகள் பெருக்கம் என்னும் ஒரு சொல்லினுள் அடங்கிவிட்டனர்.

ஆகவே இச்சாசனத்தில் இரு குடும்பங்கள் உள்ளன. ஒன்று, குருதித் தொடர்பில்லாது சட்டத்தால் ஆக்கப்பட்டு, உடைமையைப் பெறும் குடும்பம். மற்றையது, குருதியாலும் வாழ்வாலும் உண்மையாகவே அமைந்து, சட்டத்தால் மறுக்கப்பட்டு, உடைமையாகப் பெறப்படும் குடும்பம்.

6

ஜக்சன் தம் காலத்தின் மனிதர், வேறுவிதமாக எழுதியிருக்க இயலாது என்று சிலர் கூறலாம். ஆனால் அவர் காலத்திலும் வேறு சாசனங்கள் எழுதப்பட்டன. ஜோர்ஜ் வாஷிங்டன் 1799இல் எழுதிய சாசனம், தமக்குரிய அடிமைகள் தம் மனைவியின் மரணத்தின்பின் விடுவிக்கப்பட வேண்டும் எனப் பணித்தது. தென் கரொலைனாவிலிருந்து மிசிசிப்பியின் எல்லைப்புறத்துக்குக் குடியேறி 1836இல் இறந்த ஐசாக் றோஸ் என்னும் பெருந்தோட்டக்காரர், தம் அடிமைகள் விரும்பின் விடுதலை பெற்று லைபீரியாவுக்குச் செல்ல வழிசெய்தார். அவரது வழித்தோன்றல்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தமையால் அது பல ஆண்டுகள் இழுபட்டது. மிசிசிப்பிச் சட்டமன்றமும் 1842இல் சாசனத்தின் மூலம் விடுதலை வழங்குவதைத் தடைசெய்தது. லபாயெற் வாஷிங்டனுக்கு அளித்து, பின்னர் தமக்கு வந்துசேர்ந்த கைத்துப்பாக்கிகளை லபாயெற்றின் மகனுக்குத் திருப்பியளிக்க ஜக்சன் தம் சாசனத்தில் மறக்கவில்லை. வாஷிங்டனின் சாசனத்தை மட்டும் அவர் பின்பற்றவில்லை.

எனினும் இதனை நற்குணம், தீக்குணம் என்னும் எதிர்நிலையாகச் சுருக்குதல் பொருந்தாது. விடுதலை பெறும் அடிமை மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என 1831இல் டெனசி சட்டமியற்றியிருந்தது. கடனுக்குட்பட்ட ஆதனத்தில் அடிமையே முதன்மையான ஈடு. அடிமையை விடுவித்தல் கடன்கொடுத்தோரின் உரிமையைப் பாதிக்கும். மிசிசிப்பியில் நிலம் வாங்கக் கடன். கடனுக்கு ஈடு அடிமைகள். கடனை அடைக்கப் பருத்தி. பருத்திக்கு மேலும் நிலமும் அடிமைகளும். இச்சுழற்சிக்குள் நின்று எழுதியவரின் கை எத்திசையில் செல்லும் என்பதை வர்க்க நலனே பெரும்பாலும் தீர்மானித்தது.

7

1845 யூன் 8ஆம் திகதி ஜக்சன் இறந்தார். என்றென்றைக்கும் என்று எழுதப்பட்ட ஏற்பாடு இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. கடன்சுமை தாங்காத இளைய ஜக்சன், 1856இல் வீட்டையும் 500 ஏக்கர் நிலத்தையும் 48,000 டொலருக்கு டெனசி மாநிலத்துக்கு விற்றார். சாசனத்திலே டெனசி வழங்கிய வாளை மருமகன் அன்ட்ரூ டொனெல்சனுக்கு அளித்த ஜக்சன், ஒன்றியத்தைக் காக்க அதனைப் பயன்படுத்துமாறு பணித்திருந்தார். ஆனால் அவ்வன்ட்ரூவின் சகோதரரான டானியல் டொனெல்சன், ஒன்றியத்துக்கெதிராக எழுந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதியானார். நெட்டைப் பெற்ற அன்ட்ரூவும், டேவி அல்லது ஜோர்ஜைப் பெற்ற சாமுவேலும் அப்படையிலேயே சேர்ந்தனர். சாமுவேல் 1863இல் சிக்கமோகாப் போரில் மாண்டார். ஒன்றியத்தையும் அடிமை முறையையும் ஒரே சாசனத்தில் கையளிக்க முயன்றமையின் முரண்பாடு, பெற்றவர்களின் வாழ்வில் வெளிப்பட்டது.

டானியல் டொனெல்சனின் பெயர் தாங்கிய கோட்டை 1862 பெப்ரவரியில் ஒன்றியப் படையிடம் வீழ்ந்தது. அதனால் நாஷ்விலுக்கான வழி திறந்தது. போர்க்காலத்தில் ஹன்னா ஹேர்மிற்றேஜைவிட்டு அந்நகருக்குச் சென்று சுதந்திரமடைந்தார். சேராவுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் என்றென்றைக்கும் உரியவராக எழுதப்பட்டவர், அச்சாசன வாசகத்தைத் தம் கால்களாலேயே செல்லாததாக்கினார். எனவே அடிமைகளின் விடுதலையை மேலிருந்து வழங்கப்பட்ட கொடையாக மட்டும் எழுதுதல் தவறாகும். உழைப்பை மறுத்து வெளியேறிய அடிமைகளின் செயலைப் போரின் போக்கை மாற்றிய பொது வேலைநிறுத்தமாக டுபொய்ஸ் 1935இல் விளக்கியது இத்தகைய வாழ்க்கைகளை மனங்கொண்டேயாகும்.

அல்பிரட் ஹேர்மிற்றேஜிலேயே தங்கி, 1901இல் இறக்கும்வரை, வீட்டைக் காணவந்தோருக்கு வழிகாட்டினார். அவரது உடல் ஜக்சனின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. இவ்வண்மையை எசமான விசுவாசத்தின் சான்றாகக் காட்டுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1970களிலிருந்து அங்கு நடைபெற்ற அகழ்வாய்வுகள் அடிமைகளின் குடியிருப்புத் தரைகளின் கீழ்ச் சேமிப்புக் குழிகளையும், கண்ணாடி மணிகளையும், கை வடிவிலான சிறு உலோகத் தாயத்துகளையும் வெளிக்கொணர்ந்தன. உடைமையாக எழுதப்பட்டோர் தமக்கென உடைமைகளும் நம்பிக்கைகளும் கொண்டு வாழ்ந்தனர் என்பதை அவை உணர்த்துகின்றன.

1928இல் ஜக்சனின் உருவம் 20 டொலர்த் தாளில் பொறிக்கப்பட்டது. ஆரன், ஹன்னா, நெட், சார்லட், மேரி, கிரேசி, ஸ்குவயர், ஜீனி ஆகியோரின் பெயர்களோ, அவர்களை உடைமையாக வழங்கிய சாசனத்திலேயே எமக்கு எஞ்சியுள்ளன. ஆளும் வர்க்கத்தின் ஆவணங்களையன்றி வேறு ஆதாரம் குறைந்த வரலாறுகளை எழுத முற்படும்போது, அவ்வாவணங்களை அவற்றின் நோக்கத்துக்கு எதிராக வாசிக்க நாம் பயிலவேண்டும். எல்லைக் குறிகளாக எழுதப்பட்ட பெயர்களை மீண்டும் தாய், தந்தை, பிள்ளைகளாக ஒன்றுசேர்த்து வாசிப்பது அத்தகைய பயிற்சியின் தொடக்கமாகும்.